ஒன்பதே கால் மணிக் குரல்

2009 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஒன்பதே காலுக்கு லண்டன் பிபிசி வானொலியின் தமிழ்ச் சேவையான தமிழோசை வரும், அரை மணி நேரம். தாத்தாவின் ரேடியோவிலிருந்து ஒரு செப்புக் கம்பி ஜன்னல் வழியாக வெளியே போய் வாசலில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் சுற்றியிருக்கும். பகலில் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி வெயிலில் காயவைப்பார்கள். சாயங்காலம் மழையோ மூட்டமோ இருந்தால், கட்டை இன்றைக்குத் தாங்குமா என்ற கவலை வந்துவிடும். நான்கைந்து வீட்டார் எங்கள் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவார்கள்.

அப்படி ஓர் இரவில்தான், இலங்கையின் வடக்கே போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து ஒரு டாக்டர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டேன். சத்தம் விட்டு விட்டு வந்தது. எத்தனை பேர் காயத்தோடு வந்தார்கள், எத்தனை பேர் வழியிலேயே இறந்தார்கள், எந்த மருந்து தீர்ந்துவிட்டது என்று கணக்குப் படிப்பதுபோல அவர் சொல்லிக்கொண்டே போனார். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தம்பி குடும்பம் அப்போது கிளிநொச்சிக்குக் கிழக்கே எங்கோ இருந்தது. எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அங்கிருப்பவர்கள் வாரத்துக்கு வாரம் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள்.

நீலகிரித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு குடும்பத்துக்கு வன்னியில் எப்படிச் சொந்தம் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1948-ல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இந்தியா 5,25,000 பேரை ஏற்பதாகவும், இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை தருவதாகவும் பங்கு பிரித்தார்கள். தாத்தாவும் பாட்டியும் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மலையேறினார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் என்று மாவட்டம் முழுக்க இப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டியின் தம்பி மட்டும் வரவில்லை. 1977 கலவரத்தில் அவர்கள் இருந்த லயத்தை, அதாவது லைன் வீடுகளை, எரித்த பிறகு, மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களோடு அவரும் போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார். அந்தக் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று நாங்கள் தேடியது ரேடியோவில்தான்.

வேறு வழியும் இருக்கவில்லை. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா. ஊழியர்களையும் உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து சுதந்திரமாகச் செய்தியாளர்கள் உள்ளே போக முடியாது. போர்க்களத்துக்குப் போக வேண்டுமென்றால் ராணுவம் கூட்டிக்கொண்டு போகும் இடத்துக்குத்தான் போகலாம். மறுபக்கம் புலிகள் மக்களை வெளியே விடவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று பேசியவர்கள் அங்கே மிஞ்சியிருந்த சில அரசு மருத்துவர்கள்தான். அவர்கள் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள். ஆனால் அரசு சொன்னதற்கு மாறாகச் சொன்னார்கள். பொதுமக்களுக்குச் சேதமே இல்லாத நடவடிக்கை என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவர்களை அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர்கள் முன்னால் உட்காரவைக்கப்பட்டு, முன்பு சொன்னது மிகை என்று சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பிற்பாடு வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு, அந்த மறுப்பு கட்டாயத்தில் சொன்னது என்று விளக்கினார். 2011-ல் ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு, கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று எழுதியது. அந்த அறிக்கை வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அதன் சாரம் எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்திருந்தது.

பாட்டியின் தம்பி மகன் ஒருவன் வவுனியா அருகே மெனிக் பாம் முகாமில் இருப்பதாக அந்த ஆண்டு ஆடி மாதம் கடிதம் வந்தது. மற்றவர்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

ஏன் ரேடியோ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பண்பலை என்கிற எஃப்எம் கண்பார்வை போல நேர்கோட்டில் போகும். குறுக்கே ஒரு மலை வந்தால் நின்றுவிடும். கொடைக்கானல் மலை உச்சியில் நிற்கிற ஆகாசவாணியின் கோடை பண்பலை, 100.5-ல், அந்த உயரத்தின் தயவால் சமவெளியில் பல மாவட்டங்களுக்குக் கேட்கிறது. அதே மலையில் ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவனுக்குச் சில சமயம் கிடைப்பதில்லை. நீலகிரியிலும் இதே கதைதான். ஒரு வளைவில் ஒரு நிலையம் வரும், அடுத்த வளைவில் மலையாளம் வரும், அதற்கடுத்த வளைவில் வெறும் இரைச்சல். தமிழோசை வந்த சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ், அப்படியல்ல. அது வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் பட்டு மறுபடி பூமிக்குத் திரும்பும். மலையைத் தாண்ட வேண்டிய அவசியம் அதற்கில்லை, மேலிருந்து இறங்கிவிடும். லண்டனுக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எந்த அரசாங்கமும் அதற்குக் கேபிள் போடவில்லை. ஆகவே யாரும் கேபிளை அறுக்கவும் முடியாது.

கேட்பவன் யாரென்று அனுப்புகிறவனுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. செல்போனில் ஒரு செய்தியைத் திறந்தால் அதற்குத் தடயம் உண்டு. ரேடியோவைத் திருகியதற்குத் தடயம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் 1990-க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பேட்டரியும் தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் குரல் இழுபடும். நாங்கள் கட்டையை வெயிலில் காயவைத்ததை ஒரு கஷ்டமாக நினைத்திருந்தேன். இதைக் கேட்டபிறகு அப்படி நினைப்பதில்லை.

சரி, கேட்பது நடந்துவிடுகிறது. கேட்டதை நம்பலாமா? இந்தக் கேள்விக்குத் தாத்தாவிடம் ஒரு முறை இருந்தது. அவர் ஒரு நாளில் நான்கு ஊர்களைக் கேட்பார். டெல்லியிலிருந்து ஆகாசவாணி, சரோஜ் நாராயணசுவாமி வாசித்த காலத்திலிருந்து அவருக்குப் பழக்கம். கொழும்பிலிருந்து இலங்கை வானொலி. பாட்டுக்காக எங்கள் மலை முழுக்க நேசித்த நிலையம் அது. மணிலாவிலிருந்து வெரித்தாஸ். கடைசியாக லண்டன். "நாலு பேரு சொல்றதையும் கேளு. நாலு பேருமே ஒத்துக்கிற விஷயம் ஒண்ணு இருக்கும், அதை முதல்ல எடுத்து வை. ஒருத்தன் மட்டும் சொல்லாம விடுறது ஒண்ணு இருக்கும், அதைக் கெட்டியாப் புடிச்சுக்க" என்பார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர். பத்திரிகைத் தொழில் படித்தவர்கள் சொல்லித் தருவதும் ஏறக்குறைய இதுதான்.

இந்த நான்கில் எதுவும் முழுச் சுதந்திரம் உடையது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகாசவாணி 1997 வரை நேரடியாக அரசுத் துறை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் அரசினுடையது. வெரித்தாஸ் கத்தோலிக்கத் திருச்சபையினுடையது. பிபிசி உலகச் சேவைக்குப் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசின் வெளியுறவுத் துறை. 1941 மே மாதம் தமிழில் அது பேசத் தொடங்கியதே உலகப் போருக்கு ஆதரவு தேடித்தான். ஆனாலும் பணம் கொடுப்பவனுக்கும் செய்தி எழுதுகிறவனுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பலாம். அந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்பதைத்தான் கேட்கிறவர்கள் தினமும் அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த அளவு எங்கள் மலையில் மிகக் கசப்பாகத் தெரிந்த காலம் 1987 முதல் 1990 வரை. அமைதி காக்கும் படை என்ற பெயரில் இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் போனது. குன்னூருக்கு அருகே வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ராணுவத்தில் ஆள் இல்லாத ஊர் குறைவு. ஆக ஒரே கடையில் டீ குடிக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர்கள், இன்னொருவருக்கு அதே யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியோடு மகன். அந்தப் படை 1987 அக்டோபர் 10-ஆம் தேதி புலிகளுக்கு எதிராகச் சண்டையைத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் ஈழமுரசு, முரசொலி நாளேடுகளின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்தது. அதே மாதம் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுடப்பட்டார்கள். படை திரும்பி வருவதற்குள் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். இந்த இரண்டு துக்கத்தையும் முழுதாகச் சொல்லும் ஒரு செய்தி அறிக்கையை அன்றைய நம் அரசு வானொலியில் எதிர்பார்க்க முடியவில்லை. மகனைப் பறிகொடுத்த வீட்டிலும் பொழுது சாய்ந்தால் லண்டனைத்தான் திருப்பினார்கள்.

லண்டன் என்று சொல்கிறேனே தவிர, அங்கிருந்து வந்தது லண்டன்காரனுக்குத் தெரிந்த செய்தி அல்ல. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ ஓர் உள்ளூர் நிருபர் சைக்கிளில் போய், பார்த்து, கேட்டு, எண்ணி, தொலைபேசியில் சொன்ன செய்தி அது. மாதச் சம்பளம் கிடையாது, அனுப்பும் செய்திக்குக் கூலி. வெளிநாட்டு நிருபருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் உண்டு. இவர் அதே தெருவில் தூங்க வேண்டும்.

மயில்வாகனம் நிமலராஜன் அப்படி ஒருவர். பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகள் இரண்டுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்தார். வீரகேசரிக்கும், சிங்கள வார ஏடான ராவயவுக்கும் எழுதினார். 2000 அக்டோபர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நடந்த மிரட்டல்களையும் முறைகேடுகளையும் அவர் வெளியே சொன்னார். அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, ஊரடங்கு நேரத்தில், ராணுவக் காவல் நிறைந்த பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்குக் கொலையாளிகள் வந்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். போகும்போது வீட்டுக்குள் கையெறி குண்டையும் வீசினார்கள். பெற்றோரும் சகோதரியின் மகனான சிறுவனும் காயம்பட்டார்கள். ஊரடங்கில் ஆயுதத்தோடு எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள்? இன்றுவரை இந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

அவர் இரு மொழிக்கும் செய்தி கொடுத்தார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நடப்பது தெற்கே காலி, மாத்தறை நகரங்களில் இருக்கும் ஒரு சிங்களக் குடும்பத்துக்கும் தெரிய வேண்டும் என்று உழைத்தவர். அந்தப் பாலத்தைத்தான் சுட்டார்கள்.

ஒரு தரப்பு மட்டும்தான் இதைச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கை வானொலியில் புலிகளை விமர்சித்த நிகழ்ச்சியில் பணியாற்றிய ரேலங்கி செல்வராஜா 2005 ஆகஸ்டில் கொழும்பில் கணவரோடு சேர்த்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். சந்தேகம் புலிகள் மேல் விழுந்தது. 2007 நவம்பர் 27-ஆம் தேதி, புலிகளின் தலைவர் ஆண்டுதோறும் ஆற்றும் மாவீரர் நாள் உரைக்குச் சற்று முன்னால், இலங்கை விமானப்படை கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தைக் குண்டுவீசித் தகர்த்தது. ஊழியர்களும் அருகில் இருந்த பொதுமக்களும் இறந்தார்கள். புலிகளின் குரல் ஓர் இயக்கத்தின் வானொலி, அதைச் சுதந்திர ஊடகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் அந்தத் தாக்குதலைக் கண்டித்தார். 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 79-ஆம் பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் செய்தியாளர்களைப் பொதுமக்களாகவே கருதச் சொல்கிறது. எதிரிக்குப் பிடிக்காததைப் பேசுகிறது என்பதற்காக மட்டும் ஒரு நிலையம் ராணுவ இலக்கு ஆகிவிடாது. கொலை செய்யத் தூண்டுகிற நிலையத்தின் கதை வேறு. 1994-ல் ருவாண்டாவில் ஆர்டிஎல்எம் என்ற வானொலி யாரைக் கொல்ல வேண்டும், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அறிவித்தது. அதை நடத்தியவர்களைப் பிறகு ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தண்டித்தது.

குண்டு போடாமலும் ஒரு குரலை நிறுத்தலாம். 2009 தொடக்கத்தில் பிபிசியின் நிகழ்ச்சிகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் பண்பலையில் மறுஒலிபரப்புச் செய்துவந்தது. போர் உச்சத்துக்குப் போனதும் தமிழோசையின் சில பகுதிகள் மட்டும் நடுவில் காணாமல் போயின. திரும்பத் திரும்ப இது நடந்ததும், 2009 பிப்ரவரியில் அந்த ஏற்பாட்டையே பிபிசி நிறுத்திக்கொண்டது. 2013 மார்ச்சில், ஜெனீவாவில் மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீது தீர்மானம் வந்த நேரத்தில், மறுபடி அதே வெட்டு, மறுபடி அதே நிறுத்தம். தெளிவாகக் கேட்கும் பண்பலைக்கு ஒரு சாவி உண்டு, அது ஆட்சியின் கையில் இருக்கும். கரகரவென்று வந்த சிற்றலையை அப்படிப் பூட்ட முடியவில்லை.

ஒரு தரப்பின் வானொலி சொன்னால் பொய்யாகத்தான் இருக்கும் என்று ஒதுக்குவதும் தவறு. எல் சால்வடாரில் 1981 டிசம்பரில் எல் மோசோத்தே என்ற கிராமத்தில் அரசுப் படை ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றது, பாதிக்கு மேல் குழந்தைகள். அதை முதலில் உலகுக்குச் சொன்னது ரேடியோ வென்செரேமோஸ் என்ற கெரில்லா வானொலி. பிரச்சாரம் என்று தள்ளினார்கள். அமெரிக்க நாளேடுகளின் செய்தியாளர்கள் இருவர் நேரில் போய் எழுதிய பிறகும் அமெரிக்க அரசு மறுத்தது. 1992-ல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த தடயவியல் குழு மண்ணைத் தோண்டியபோது சின்னச் சின்ன எலும்புகள் வெளியே வந்தன. பத்து வருடம் அந்த உண்மைக்கு மதிப்பில்லாமல் போனதற்கு, அதை முதலில் சொன்ன வாய் ஒரு கட்சியின் வாய் என்பதும் ஒரு காரணம். சுதந்திரமான செய்தியாளர் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கமும் சேராதவர்கள் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்து சொல்லியிருந்தால், மறுப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

யார் பணத்தில் அப்படி ஒருவர் வேலை செய்வது? அதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் பெர்க்லியில் 1949-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த லூயிஸ் ஹில் என்பவர் தொடங்கிய பசிஃபிகா அறக்கட்டளை, கேபிஎஃப்ஏ என்ற நிலையத்தைத் திறந்தது. விளம்பரம் கிடையாது, அரசின் நிலையமும் இல்லை. கேட்கிறவர்களே சந்தா கட்ட வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இலவசமாக வருகிற ஒன்றுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. கொடுத்தார்கள். அந்த வானொலிக் குடும்பத்தின் நியூயார்க் நிலையத்தில் வேலை பார்த்த எமி குட்மன், 1991 நவம்பர் 12-ஆம் தேதி, இந்தோனேசியா ஆக்கிரமித்திருந்த கிழக்குத் திமோரின் டிலி நகரில் இருந்தார். ஒரு இளைஞனின் நினைவு ஊர்வலம் சாந்தா குரூஸ் கல்லறைக்குப் போனது. ராணுவம் எதிரே வந்தது. வெளிநாட்டு நிருபர்கள் நிற்பதைப் பார்த்தால் சுடமாட்டார்கள் என்று நம்பி, அவரும் ஆலன் நாயர்ன் என்ற செய்தியாளரும் கூட்டத்துக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் போய் நின்றார்கள். சிப்பாய்கள் அவர்களைத் தாண்டி வந்து சுட்டார்கள். 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாயர்னின் மண்டை எலும்பு துப்பாக்கிக் கட்டையால் உடைக்கப்பட்டது. உயிர் தப்பி வந்தவர்கள் பார்த்ததை ஒலிபரப்பினார்கள். அதே குட்மன்தான் 1996 முதல் டெமாக்ரசி நவ் நிகழ்ச்சியை நடத்துகிறார்.

திமோருக்கு அதற்கு முன்பே ஒரு ரேடியோ கதை உண்டு, எனக்கு மிகவும் நெருக்கமான கதை. 1975 டிசம்பரில் இந்தோனேசியா படையெடுத்தபோது தீவையே மூடிவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக ஆறு வெளிநாட்டுச் செய்தியாளர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். மலைக்காட்டுக்குள் போன போராளிகள் ரேடியோ மவ்பேரே என்ற பெயரில் செய்தி அனுப்பினார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவின் டார்வினில் தொழிற்சங்கக்காரர்கள் சிலர் புதருக்குள் கருவியை ஒளித்துவைத்து, இரவில் உட்கார்ந்து அந்தச் செய்திகளை எழுதி உலகுக்கு அனுப்பினார்கள். பதில் பேசுவது ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றம், போலீஸ் கருவியைப் பறித்தது. 1978-ல் மலையிலிருந்த குரல் அடங்கியது. 1999-ல் வாக்கெடுப்பு நடந்தபோது 78 சதவீதத்துக்கும் மேல் விடுதலைக்கு வாக்களித்தார்கள்.

ஊட்டியில் திபெத் மார்க்கெட் இருக்கிறது, ஸ்வெட்டர் வாங்காத சுற்றுலாக்காரர் குறைவு. அங்கே கடை போட்டிருப்பவர்களின் ஊர்க் கதையிலும் சிற்றலை இருக்கிறது. 1996-ல் நார்வேயில் பதிவுபெற்ற வாய்ஸ் ஆஃப் திபெத் என்ற சிறு நிலையம் திபெத்துக்குள் ஒலிபரப்பத் தொடங்கியது. சீனா அதே அலைவரிசையில் மேளமும் சங்கீதமும் போட்டு அமுக்கியது. இவர்கள் கொஞ்சம் தள்ளி வேறு அலைவரிசைக்கு நகர்ந்தார்கள், மேளம் பின்னாலேயே வந்தது.

சிரியாவில் கஃப்ரன்பெல் ஊரில் ராயித் ஃபாரிஸ் நடத்திய ரேடியோ ஃபிரெஷ் நிலையத்துக்கு ஆயுதக் குழுக்கள் வந்து, பாட்டு போடக் கூடாது, பெண் குரல் வரக் கூடாது என்றார்கள். பாட்டுக்குப் பதில் ஆடு கத்துவதையும் பறவைச் சத்தத்தையும் போட்டார்கள். பெண்களை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர்கள் குரலைக் கணினியில் ஆண் குரல்போல மாற்றிச் செய்தி வாசிக்கவைத்தார்கள். 2018 நவம்பரில் ஃபாரிஸைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். காங்கோவில் ஐ.நா. உதவியோடு 2002-ல் தொடங்கிய ரேடியோ ஒகாபியின் செய்தியாளர்கள் இருவர், 2007-லும் 2008-லும், புகாவு நகரில் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டார்கள். ஊர் வேறு, மொழி வேறு. கதவைத் தட்டுவது உள்ளூர் நிருபர் வீட்டில்தான்.

இப்போது சிற்றலையின் காலம் முடிந்தது என்கிறார்கள். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. 76 வருடம் ஓடியது. தாத்தா அதற்குள் காலமாகியிருந்தார். அன்றைக்கு எங்கள் லைனில் சிலர் கேட்டோம், கடைசி நிகழ்ச்சி என்று. எல்லாரிடமும் செல்போன் இருக்கிறதே, இனி எதற்கு என்ற நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. பிறகு நடந்தவற்றைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தையும் தொலைபேசியையும் துண்டித்தபோது, பிபிசி சிற்றலையில் இந்தி, உருது நேரத்தைக் கூட்டியது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது கீவ் நகரத்துக்காகச் சிற்றலையைத் திரும்பத் திறந்தது. 85 வருடம் பேசிய அரபு வானொலியை 2023 ஜனவரியில் செலவைக் காட்டி மூடினார்கள். ஏப்ரலில் சூடான் பற்றி எரிந்தது, அக்டோபரில் காசாவில் போர் தொடங்கியது. இரண்டு இடத்துக்கும் அவசர அவசரமாக அரபு ரேடியோச் சேவை தொடங்க வேண்டியதாயிற்று. காசாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்களைச் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் விடவில்லை. உள்ளே இருந்து செய்தி சொன்னவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான், அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஒரு நிலையத்தை மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். ஊர் ஊராக நம்பிக்கையான நிருபர்களைச் சேர்த்து, கேட்பவர்களின் பழக்கத்தைச் சம்பாதிக்க முப்பது நாற்பது வருடம் ஆகிறது.

வெளியூர்ப் போரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எங்கள் மலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2006-ல் சமூக வானொலி நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. கோத்தகிரியில் 90.4-ல் அப்படி ஒரு சமூக வானொலி இருக்கிறது. மலைவாழ் மக்கள் தங்கள் பாட்டையும் தேன் எடுப்பதையும் விதையையும் பற்றித் தங்கள் மொழியில் அதில் பேசக் கேட்கலாம். ஆனால் இந்தியாவில் தனியார் பண்பலையோ சமூக வானொலியோ சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லக் கூடாது. ஆகாசவாணி செய்தியை உள்ளடக்கம் மாற்றாமல் மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு இந்தத் தடை இல்லை, பத்திரிகைக்கு இல்லை. மிகக் குறைந்த செலவில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும் கருவிக்கு மட்டும் இருக்கிறது. காமன் காஸ் அமைப்பு இதை எதிர்த்து 2013-ல் உச்ச நீதிமன்றம் போனது.

2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு எங்கள் மாவட்டத்தின் சிறு விவசாயிகள் நாள் கணக்கில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். படுகர் ஊர்களிலிருந்து பெரியவர்கள் வெள்ளைத் துணி போர்த்தி வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகைகள் எழுதின, டிவி காட்டியது, செல்போனில் வீடியோ சுற்றியது. மலையில் இருக்கும் வானொலி நிலையத்தின் மைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பந்தலுக்குப் போய், இன்று எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், என்ன கேட்கிறார்கள், அதிகாரிகள் என்ன பதில் சொன்னார்கள் என்று சாயங்காலச் செய்தியாகச் சொல்ல மட்டும் சட்டத்தில் இடமில்லை.